ஜல்லி ரோட்டு மாப்பிள்ளை

பை கால்ல இடிக்குதுங்களா தம்பி? சித்தெ இருங்க, இப்படி நகத்திக்கறேன். மேல வெக்கலாம்னா கண்டக்டர் எவனோ வெச்ச மூட்டைக்கே இன்னும் கத்தி முடிக்கலை. உள்ள ஒண்ணுமில்லைங்க, சம்பந்தி வீட்டுக்குச் சாக்லேட்டு. சண்டைக்குப் போறவன் சாக்லேட்டு கொண்டுட்டுப் போவானான்னு கேக்காதீங்க. மக பையில கட்டிக் குடுத்து உட்டா. சண்டை வேற, சாக்லேட்டு வேற.

ஊரு சோமனூருங்க. தறி வெச்சிருக்கறேன். ஜெர்மனியில இருந்து காலையிலதான் வந்து எறங்கினேன். வீட்டுக்குக்கூடப் போகலை. ஏர்போர்ட்ல இருந்து நேரா உக்கடம் வந்து இந்தப் பொள்ளாச்சி பஸ்ஸைப் புடிச்சுட்டேன். கிணத்துக்கடவுல எறங்கணும். மாப்பிள்ளையோட அப்பா அம்மா அங்கதான் இருக்கறாங்க. "உங்க பையன் என்கிட்ட நடந்துக்கிட்டது நாயமா?"ன்னு நேருக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் வீட்டு வாசப்படி மிதிக்கறதுன்னு பிளேன்லயே முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரி போன்ல அழுகறா. "உங்க வாயை வெச்சுக்கிட்டு அங்க போகாதீங்க, நமக்கு இருக்கறது ஒரே புள்ளை, சம்பந்தம் முறிஞ்சுதுன்னா அப்புறம் ஒட்ட வெக்க முடியாது"ங்கறா. முறியட்டுமே! நான் என்ன தப்பா பண்ணுனேன்? தப்பு பண்ணுனவனெல்லாம் தலை நிமிந்து நடக்கறான், நான் எதுக்குங்க பயப்படணும்?

என்ன நடந்துதுன்னு சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. நீங்க மூணாவது மனுசர். மூணாவது மனுசருக்குத்தான் நாயம் சரியாத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு அங்க கம்பெனியில வேலை. மத்த மாப்பிள்ளைகளாட்ட குடி, சீட்டு எதுவும் கெடையாது. அதை நான் மறுக்கலை. ஆனா ஒரு சைக்கிள் இருக்குதுங்க. கிராவல் சைக்கிளாம். என்னன்னா, ஜல்லி ரோட்டுல ஓட்டறதுக்குன்னே செஞ்ச சைக்கிள். நம்ம ஊர்ல ஜல்லியைக் கொட்டிட்டுத் தார் ஊத்தாமப் போனான்னா கலெக்டர் ஆபீஸ்ல போய் மனுக் குடுக்கறோம். அங்க கண்ணாடியாட்ட தார் ரோடு கெடக்குது, அதை விட்டுப்போட்டு ஜல்லி ரோடு எங்க இருக்குதுன்னு மேப்பு போட்டுத் தேடிப் போறாங்க. அதுக்கு ஒரு சைக்கிள், அதுக்கு ஒரு சட்டை, அதுக்கு ஒரு ஜட்டி. மாமனார் முன்னாடி அந்த இறுக்கமான டவுசரோட வந்து நின்னு "மாமா, காபி குடிச்சீங்களா?"ன்னா நான் எங்க பாக்கறது, சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமையானா காட்டுக்குப் போயிருவாரு. பீச் மரக் காடு. பழம் காய்க்கற பீச் இல்லைங்க, இது வேற. ஆனைக்காலாட்ட சாம்பல் நெறத்துல வழவழன்னு நிக்கும், அண்ணாந்து பாத்தா கழுத்து புடிச்சுக்கும். சர்க்கார் பாதுகாக்கற காடு. வாசல்ல குறுக்கால ஒரு கட்டை போட்டிருக்கறாங்க. காரு, பைக்கு ஒண்ணும் உள்ள போகக்கூடாது. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், அவ்வளவுதான். விழுந்த மரத்தைக்கூட எடுக்கக்கூடாதாம். ஒவ்வொண்ணும் ரெண்டு பேர் கட்டிப்புடிக்கற தடிமன், அப்படியே கெடந்து மக்குது. காளான் மொளைச்சுக் கெடக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது. "எதுக்கு மாப்பிள்ளை இப்படி வீணாப் போகுது?"ன்னு கேட்டா, "வீணாப் போகலைங்க மாமா, அதை நம்பி எத்தனையோ உசுரு இருக்குது"ங்கறாரு. மரம் செத்துப்போச்சு, இதுல எங்கிருந்து உசுரு? கேட்டா நமக்குத் தெரியாதுன்னு சொல்லிருவாங்க. 

அப்புறம் அந்த அமைதி இருக்குதே. ஒரு ஹாரன் சத்தமில்லை, ஒரு லாரி இல்லை. மாப்பிள்ளை அதைத்தான் பெருமையாச் சொல்றாரு. "மாமா, காதை வெச்சுக் கேளுங்க, ஒரு வண்டிச் சத்தம் இல்லை பாருங்க"ன்னு. தறிச் சத்தத்துல பொறந்து வளந்தவன் நான். எனக்குக் காது அடைச்சுக்கிட்ட மாதிரி இருந்துது. ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி. அந்த அமைதியில ஒரே ஒரு சத்தம். என்னன்னா, மாப்பிள்ளையோட சைக்கிள். எறக்கத்துல பிரேக்கு போடறப்பல்லாம் கிறீச்ச்சுன்னு ஒரு சத்தம். பல்லு கூசும் தம்பி.

எனக்கு மகன் இல்லீங்க. அதை உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குது. இந்த மாப்பிள்ளை வந்தப்ப, சரி, சாமி கொஞ்சம் தாமசமா ஒரு மகனைக் குடுத்திருக்குதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அத்தனை தூரம் போனேன். மகளைப் பாக்கவா? மகளை தெனமும் போன்ல பாக்கறேன். இந்த மனுசன்கூட நாலு நாள் ஒண்ணா இருக்கணும்னுதான் போனேன். ஆனா அவரு பேச மாட்டாரு. கேட்டதுக்குப் பதில், அதுக்கு மேல ஒரு சிரிப்பு. தறியைப் பத்திச் சொன்னா "அப்படீங்களா மாமா"ங்கறாரு. நூல் விலையைப் பத்திச் சொன்னாலும் "அப்படீங்களா மாமா". அந்த சைக்கிளைப் பத்திக் கேட்டா மட்டும் வாய் தெறக்குது. செயினு எப்படி, டயர்ல காத்து எவ்வளவு வெக்கணும், எல்லாம் சொல்லுவாரு. சரி, வழி அதுதான்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆளைப் புடிக்கணும்னா சைக்கிளைப் புடிக்கணும்.

அப்பத்தான் ஆயுத பூஜை வந்துது.

எங்க தறிக்குடோன்ல ஆயுத பூஜைன்னா தீவாளியைவிடப் பெருசு. முந்தின நாளே தறியெல்லாம் நிறுத்தி, பஞ்சை ஊதி, ஒவ்வொரு பாகமும் தொடச்சு, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி... அதெல்லாம் பாக்கறப்ப தறி நம்மளைப் பாத்துச் சிரிக்கும். அங்க என்னடான்னா அன்னிக்கு ஆபீசாம். மக மேகலாவும் மாப்பிள்ளையும் காலையிலயே கெளம்பிட்டாங்க. வீட்டுல நானும் நாலு சுவரும். எந்திரம்னு பாத்தா மிக்சி, வாசிங் மெசினு. அதுக்கெல்லாம் பொட்டு வெச்சேன். அப்புறம் நடையில பாத்தா மாட்டி வெச்சிருக்குது சைக்கிளு.

எறக்கி வெச்சு ஒரு நாப்பூரா வேலை பாத்தேங்க. சேறெல்லாம் பல் பிரஷ்ல தேய்ச்சு எடுத்தேன். இங்கிருந்து நான் கொண்டுட்டுப் போன எண்ணெய் இருந்துது. செக்குல ஆட்டுன நல்லெண்ணெய், வீட்டுக்காரி மகளுக்குன்னு குடுத்து உட்டது. செயினுக்கு விட்டேன். மிதிகட்டைக்கு விட்டேன். அப்புறம் அந்தக் கிறீச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு சக்கரத்தைச் சுத்தி விட்டு பிரேக்கை அமுத்திப் பாத்தேன். இந்தக் காலத்து பைக்குல இருக்குதே, சக்கரத்து நடுவால வட்டமா ஒரு தகடு, அதை ரெண்டு கட்டை வந்து கவ்வுமே, அதேதான். அங்கிருந்துதான் சத்தம். தறியில ஒரு எடத்துல கிறீச்சுன்னா என்ன அர்த்தம்? எண்ணெய் கேக்குதுன்னு அர்த்தம். குழந்தை அழுதா பாலுக்கு, இரும்பு அழுதா எண்ணெய்க்கு. முன்னயே மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன், "ஈரத்துல அப்படித்தான் கத்தும் மாமா, தானா சரியாயிரும்"னாரு. தானா எதுங்க சரியாகுது இந்த ஒலகத்துல? சோம்பேறித்தனம். நான் முன் சக்கரத்துத் தகடு, பின் சக்கரத்துத் தகடு, அந்தக் கவ்வற கட்டை, எல்லாத்துக்கும் பஞ்சுல நனைச்சு நனைச்சு விட்டு, வழியாமத் தொடச்சும் உட்டேன். சுத்தி விட்டு அமுத்திப் பாத்தா ஒரு சத்தம் இல்லை. வெண்ணெய்!

ஏனுங்க தம்பி, திடீர்னு இப்படித் திரும்பிப் பாக்கறீங்க? ஆமாங்க, தகட்டுக்கும்தான். ரெண்டுக்கும்தான். ஒண்ணுக்கு விட்டு ஒண்ணுக்கு விடாம இருந்தா அது ஓரவஞ்சனை இல்லீங்களா?

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பாத்தாரு. ஹேண்டில்ல சந்தனம், குங்குமம், ஒரு பூ. அந்த ஊர்ல மல்லிகைக்கு எங்க போறது, பால்கனித் தொட்டியில இருந்து என்னமோ ஒரு மஞ்சப் பூ. ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு, அந்தக் குங்குமத்தைத் தொட்டு நெத்தியில வெச்சுக்கிட்டாருங்க. "எங்கப்பாவும் இப்படித்தான் மாமா பண்ணுவாரு"ன்னாரு.  சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு ராத்திரிச் சோறு எறங்கலை, அத்தனை சந்தோசம். பூசணிக்காய் ஒண்ணு உடைச்சறலாம்னேன். அங்க அந்த மாசத்துல ஊரே வாசல்ல பூசணிக்காய் வெச்சிருக்குது தம்பி, குடைஞ்சு மூஞ்சி வரைஞ்சு வெச்சிருக்கறான், ஆனா ஒருத்தன் உடைக்க மாட்டேங்கறான். மக விடலை. "ரோட்டுல உடைச்சா போலீஸ் வரும்ப்பா"ன்னுட்டா. அன்னிக்கு உடைச்சிருந்தா திருஷ்டி போயிருக்கும். யாரு கேக்கறா.

அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு பேரும் காட்டுக்குப் போனோம். சைக்கிளைக் காருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு. மகளுக்கு முட்டி வலி, அவ வாசல் பெஞ்சுல உக்காந்துக்கிட்டா. எனக்கு அங்கயே பேட்டரி வெச்ச சைக்கிள் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக் குடுத்தாரு. அதுக்கு எண்ணெய் விட நேரமில்லை, கரகரன்னு பிரேக்கோட ஓட்டினேன். போறப்ப பூரா ஏத்தம். இலையெல்லாம் மஞ்சளாகி, வெயில் உள்ள வந்து, சரி, நல்லாத்தான் இருந்துது, பொய் சொல்லக்கூடாது. மாப்பிள்ளை பக்கத்துலயே மெதுவா வந்தாரு. அன்னிக்குத்தான் அவரா ஒரு கேள்வி கேட்டாரு. "உங்க சின்ன வயசுல சைக்கிள்லதான் தறிக்குப் பாவு நூல் கொண்டு போவீங்களாமா மாமா, மேகலா சொன்னா"ன்னு. நான் சொல்லிக்கிட்டே வந்தேன். அவரு கேட்டுக்கிட்டே வந்தாரு. இதுக்குத்தானே தம்பி நான் அத்தனை தூரம் போனேன்!

உச்சியில அவரு தண்ணி குடிக்க நின்னாரு. "நீங்க முன்னால மெதுவா எறங்குங்க மாமா, நான் பின்னாலயே வர்றேன்"னாரு. நான் எறங்கினேன். பாதி எறக்கத்துல ஒரு வளைவு. அங்க கீழ முள்ளுத் தோலோட சின்னச் சின்னக் காயா கொட்டிக் கெடந்துது. பீச் மரத்துக் காயி. ஊருக்கு ரெண்டு எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாக்கலாம், மொளைச்சா மொளைக்கட்டும்னு சைக்கிளை வழியில குறுக்கால நிறுத்திப்போட்டுக் குனிஞ்சு பொறுக்கிட்டு இருந்தேன். வண்டி வராத ரோடுதானே? வண்டி வராதுன்னு போர்டே வெச்சிருக்கறான்.

அப்ப மேலயிருந்து ஒரு கத்தல். "மாமா, தள்ளுங்க! தள்ளுங்க!"

நல்லாக் கேட்டுக்கங்க. "தள்ளுங்க." மாமனாரைப் பாத்து. பெத்த அப்பன் என்னைத் தள்ளுன்னு சொன்னதில்லை. நான் நிமிந்து, என்ன மாப்பிள்ளை இது பேச்சுன்னு பாக்கறேன், மனுசன் ஜல்லியெல்லாம் தெறிக்க அம்பாட்ட வர்றாரு. ஒரு கிறீச் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பக்கத்துல வர்ற வரைக்கும் வந்து, எனக்கு ஒரு முழம் முன்னால ஹேண்டிலை ஒடிச்சு, ரோட்டை விட்டு எறங்கி, அந்த மக்கிக் கெடக்கற மரத்துல போய் மோதி, சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா, விழுந்த மரத்தை எடுத்திருந்தா இது நடந்திருக்குமா?

ஓடிப்போய்த் தூக்கினேன். தோள்பட்டைக் காறையெலும்பு போயிருச்சு. மொகம் வெளுத்துப் போச்சு. "பிரேக்கு... பிரேக்கு புடிக்கலைங்க மாமா"ன்னாரு. அப்புறம் கெடந்த சைக்கிள் பக்கம் திரும்பி, அந்தத் தகட்டை ஒத்தை விரல்ல தடவினாரு. விரலைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. விரலைச் சட்டையில தொடச்சுக்கிட்டாரு.  போன் போட்டதும் மக முட்டி வலியோட ஓடி வந்தா, வனக்காவல்காரன் வாசல் கட்டையைத் தெறந்து ஆம்புலன்சை உள்ள உட்டான். மக என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேக்கறா. மாப்பிள்ளை என்ன சொல்றாரு தெரியுங்களா? "நான்தான் வேகமா வந்துட்டேன். வளைவுல கவனிக்கலை."

என்கிட்ட ஒண்ணு, பொண்டாட்டிகிட்ட ஒண்ணு! அந்த வலியிலயும் பொய்யி! "மாமாவுக்கு ஒண்ணும் படலையே?"ன்னு வேற ரெண்டு தடவை கேட்டாரு. கத்துனதை மறைக்க ஒரு குசலம். எனக்குப் புரியாதுங்களா?

அடுத்த வாரம் சைக்கிளை ரிப்பேருக்குக் கொண்டு போனோம். அவருக்குக் கை கழுத்துல கட்டுன தொட்டில்ல, மகதான் காரை ஓட்டினா. கடைக்காரன் சக்கரத்தைக் கழட்டி, ஒரு வெள்ளைத் துணியால தகட்டைத் தொடச்சான். மஞ்சளா வந்துது. மோந்து பாத்தான். அவனுக்கு ஒண்ணும் புரியலை, பாவம், மககிட்ட நீட்டினான். அவ மோந்தா.  நல்லெண்ணெய் வாசம் எங்க வீட்டுப் புள்ளைக்குத் தெரியாம இருக்குமா? நான் பெருமையாத்தான் சொன்னேன், "நம்ம செக்கு எண்ணெய்தான் அம்மிணி, நான்தான் பூஜைக்கு விட்டேன், சத்தம் நின்னுருச்சு பாத்தியா"ன்னு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா தம்பி. பொறந்ததுல இருந்து அவ என்னை அப்படிப் பாத்ததில்லை. வாய் தெறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை அவ கையைப் புடிச்சுட்டாரு. "வேண்டாம் மேகலா"ன்னாரு. என்ன வேண்டாம்? மக அப்பன்கூடப் பேசறது வேண்டாமா? அன்னிக்குப் புடிச்ச கை. அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசறதே இல்லை. சோறு போடுவா, போயிருவா. ராத்திரி ரூமுக்குள்ள ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேச்சு. "சொல்லித்தான் ஆகணும்"ங்கறா அவ. "சொன்னாத் தாங்க மாட்டாரு"ங்கறாரு அவரு. யாரைப் பத்திப் பேசறாங்களோ, ஆபீஸ் சங்கதியா இருக்கும். ஒரு நாள் டிக்கெட்டை நீட்டினா. "நீங்க ஊருக்குப் போங்கப்பா, அம்மா தனியா இருக்கறாங்க"ன்னு. விசா இன்னும் இருக்குது. அனுப்பி உட்டுட்டாங்க.

நல்லதுக்குக் காலமில்லைங்க. மகனாட்ட நெனச்சேன், பெத்த மகளையும் பிரிச்சுட்டாரு. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க, அந்த மனுசனுக்கு அது எத்தனை பொருத்தம்! ஏர்போர்ட்டுக்கு அந்தத் தொட்டில் கையோடயே வந்தாரு. குனிஞ்சு காலைத் தொட்டாரு. நான் ஆசீர்வாதம் பண்ணலை. கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வலியோட குனிஞ்சாரு, பாத்தேன், இருந்தாலும் பண்ணலை. இப்ப நெனச்சா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. ஆனா பண்ணலை.

இருங்க, போனு. மாப்பிள்ளைதான். ஹலோ... ம்ம்... எறங்கிட்டேன்... பஸ்ல... கிணத்துக்கடவுக்குத்தான்... ஆமா, உங்க வீட்டுக்குத்தான், ஏன், போகக்கூடாதா?... என்ன?... ம்ம்... ம்ம்... சரி, வெச்சுருங்க.

பாத்தீங்களா தம்பி! கேட்டீங்களா? என்ன சொல்றாரு தெரியுங்களா? "மாமா, நான் வேகமா ஓட்டித்தான் விழுந்தேன்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கறேன். நீங்களும் அதையே சொல்லிருங்க. ஆயுத பூஜையைப் பத்தி மட்டும் எதுவும் பேசாதீங்க, கும்புட்டுக் கேக்கறேன்"ங்கறாரு. தன் பொய்க்கு என்னையும் சாட்சிக்குக் கூப்புடறாரு! பூஜை பண்ணுனதைச் சொல்ல வெக்கமாம். வெளிநாடு போனா சாமி கும்புடறதுகூட மறைக்கற சங்கதி ஆயிருது.

நான் எதுக்குங்க மறைக்கணும்? சம்பந்தி வெவரமான ஆளு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே டூவீலர் ஒர்க்‌ஷாப்பு, காலம் பூரா வண்டியைப் பிரிச்சுக் கோத்த கை. ஆனா கோவக்காரரு. மகன்னா உசுரு. மகனுக்கு அடிபட்டதுல ஆடிப்போய்க் கெடக்கறாராம், எப்படி ஆச்சு எப்படி ஆச்சுன்னு தெனமும் கேக்கறாராம். போய் உக்காந்து, செயினுக்கு எவ்வளவு விட்டேன், தகட்டுக்கு எவ்வளவு விட்டேன், கட்டையை எப்படி நனைச்சேன்னு ஒண்ணு விடாமச் சொல்றேன். வேற எவனுக்குப் புரியாட்டியும் அவருக்குப் புரியும். குத்தம் யாரு மேலன்னு அந்த மனுசனே சொல்லிருவாரு.

கிணத்துக்கடவு வந்துருச்சு. சாக்லேட்டுப் பையை எடுத்துக்கறேன். கையை விடுங்க தம்பி, டிரைவர் வண்டியை எடுத்துரப் போறான். அட, கையை விடுங்கங்கறேன். என்ன இது, நீங்களும் மாப்பிள்ளையாட்டவே "சொல்லாதீங்க சொல்லாதீங்க"ங்கறீங்க? சொல்லக் கூடாததை நான் என்னங்க பண்ணிட்டேன்?